குதிரைசக்தி அப்புறம், முதல்ல பிரேக்கு!

ட்ராக்ல கார் ஓட்டணும்னு ஆசை வந்ததும் நம்ம பொட்டி தட்டுற மக்கள் முதல்ல செய்யுற வேலை என்ன? பெரிய சைலன்சர், இன்ஜின் ரீமேப். சத்தம் வரும், வேகமும் வரும். ஆனா வண்டி நிக்கணுமே சாமி!

இருங்காட்டுக்கோட்டையில 1990-ல திறந்த ட்ராக், ஒரு சுத்து 3.7 கிலோமீட்டர். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதிச்சா சூடு சும்மா ஏறும். பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதுசுல குறைஞ்சது 230 டிகிரி தாங்கணும்ங்கிறது விதி. ஈரம் ஏறினா அதே விதி 155-க்கு இறங்கிடும். கொதிச்சா குமிழ் கட்டும், பெடல் உள்ள போகும், வண்டி நிக்காது. எங்க கடலாடி மாதிரி கடக்காத்து அடிக்கிற ஊர்ல இன்னும் உஷாரா இருக்கணும்.

எங்க பக்கம் மாட்டுவண்டிப் பந்தயம் விடுறவங்க லாடம், அச்சாணி பாக்காம வண்டி பூட்ட மாட்டாங்க. நாம மட்டும் ஏன்?

என் கட்சி இதுதான்: முதல்ல புது பிரேக் ஆயில், சூடு தாங்குற பேடு, நல்ல டயர். சைலன்சரை அடுத்த போனஸ்ல பாத்துக்கலாம். பொங்கலுக்குக் குடும்பத்தோட ஊருக்குப் போறதும் அதே கார்லதானே?