பொன்னாடையும் சத்தியக் கடதாசியும்

சென்ற ஒக்டோபரில் எங்கள் கிராமத்து வாசிகசாலையில் முதியோர் தின விழா ஒன்று நடந்தது. எழுபது வயதைக் கடந்த பதினொரு பேருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இளைப்பாறிய ஆசிரியன் என்ற முறையில் நானும் அவர்களுள் ஒருவன். பதினொருவரில் ஒன்பது பேர் உபகாரச் சம்பளம் பெறுவோர். ஏனைய இருவர் காணி பூமி உள்ள கமக்காரர்.

பிரதம பேச்சாளர் வழக்கமான ஒப்பாரியை வைத்தார். முதியோரைத் தெய்வமாகப் போற்றியது நம் பண்பாடு. கூட்டுக் குடும்பம் சிதைந்தது. பிள்ளைகள் கனடாவுக்கும் லண்டனுக்கும் பறந்தனர். பெற்றோர் முதியோர் இல்லங்களில் வாடுகின்றனர். அந்தக் காலம் இனி வருமா? சபையில் பலர் கண்ணைத் துடைத்துக் கொண்டனர். என் அருகிலிருந்த நண்பர் பொன்னாடையின் முந்தானையாலேயே துடைத்தார்.

அவ்வேளையில் மண்டபத்தின் பின்புறக் கிணற்றடியில் ஓர் அம்மையார் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். காலையில் மண்டபத்தைக் கூட்டியவரும் அவரே. எழுபது வயதைத் தாண்டிய அவருடைய பெயர் கௌரவிக்கப்படுவோர் பட்டியலில் இருக்கவில்லை. ஏன் என்று செயலாளரைக் கேட்டேன். "அவவின்ர அடையாள அட்டையில் எழுபது ஆகேல்லை, மாஸ்டர்" என்றார். அந்த அட்டையைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். அதற்குமுன் அந்தப் பேச்சைச் சிறிது உரித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மேடையிலும் ஒவ்வொரு கலியாண வீட்டிலும் இதே பேச்சுத்தான் ஒலிக்கிறது. நம்முடைய ஆசிரிய நண்பர்களும் யோசியாமல் அதற்குத் தலையாட்டுகிறார்கள்.

அந்தக் காலத்தில் ஆண்மக்கள் பெற்றோரின் பக்கத்திலேயே இருந்தார்கள் என்பது முதற் பொய். யாழ்ப்பாணத்துக் கல்வீடுகளிற் பல எந்தப் பணத்தில் எழுந்தன? மலாயாப் பணத்தில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே நம்மவர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் எழுதுவினைஞராகவும் ரயில்வே உத்தியோகத்தராகவும் கப்பலேறினர். என் பாட்டனார் கோலாலம்பூரில் வேலையாயிருந்தவர். தம் தகப்பன் இறந்ததைத் தந்தியால் அறிந்தவர். கொள்ளி வைக்க வரவில்லை. ஆனால் அவரை நன்றி கெட்ட மகன் என்று எவரும் சொல்லவில்லை. மாதந்தோறும் பணம் வந்தது, ஊர் மெச்சியது. அன்று மலாயா மணியோடர் பெருமையென்றால் இன்று கனடாப் பணம் மட்டும் எப்படிப் பாவமாயிற்று? அதிலும் 1983இற்குப் பின் சென்றோரில் மிகப் பலர் உத்தியோகம் தேடி ஓடியவர்களல்லர், உயிரைக் காக்க ஓடியவர்கள். அந்தத் தாய்தகப்பன்மாரே தாலிக்கொடியை விற்றுப் பிள்ளையை அனுப்பினார்கள். அப்பிள்ளையை இன்று மேடையேறித் திட்டுவது அறமன்று.

ஆண்மக்கள் அங்கிருக்க, இங்கே முதியவர்களைப் பராமரித்தவர் யார்? என் பாட்டி பாரிசவாதத்தில் ஏழாண்டுகள் படுக்கையில் கிடந்தார். அவரைப் புரட்டிப் படுக்க வைத்ததும் ஊட்டியதும் துடைத்ததும் என் தாயார். அந்த ஏழாண்டுகளில் அவர் தம் தமக்கையின் வீட்டிற்கு, ஆறு மைல் தூரத்துக்கு, இரண்டே தடவைதான் போனார். ஊரார் இதனைக் 'குடும்பப் பண்பாடு' என்றனர். என் தாயாரை எவரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவுமில்லை. பாட்டியின் அழுக்குத் துணிகளை மூட்டையாகச் சுமந்துசென்று வெளுத்துக் கொடுத்தவர் பாட்டியிலும் அதிகம் இளையவரல்லாத ஒரு சலவைத் தொழிலாளப் பெண். அவருக்குச் சம்பளம் என்று ஒன்றில்லை. அறுவடைக் காலத்தில் நெல்லும் நல்லநாள் பெருநாளில் ஒரு சேலையும். நாம் இன்று ஏங்கும் கூட்டுக் குடும்பம் இவ்விரு பெண்களின் கூலியில்லா உழைப்பின்மேல் நின்றது. அவ்வுழைப்பு இன்று இலவசமாகக் கிடைப்பதில்லை என்பதே பலருடைய கண்ணீருக்குக் காரணம்.

பாசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேசவழமை 1707இல் ஒல்லாந்தர் காலத்திலேயே தொகுத்து எழுதப்பட்டது. மகளுக்குச் சீதனமாக வீடுவளவு எழுதும்போது நம் முன்னோர் நொத்தாரிசிடம் போய் என்ன செய்தார்கள்? தங்களுக்குச் 'சீவிய உருத்து' வைத்தே உறுதி முடித்தார்கள். சாகும்வரை இவ்வீட்டில் இருக்க எமக்கு உரிமையுண்டு என்று முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டார்கள். கெட்டிக்காரர்கள். பண்பாட்டை நம்பி அவர்கள் படுத்துறங்கவில்லை, உறுதியையே நம்பினார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. எழுதிக் கொடுக்க ஒன்றுமில்லாதவன் சாகும்வரை இருக்க உரிமையை எதில் எழுதிக்கொள்வான் என்பதே என் கேள்வி.

இனி, முதியோரை மதித்த பண்பாடு என்ற பெரும் பொய். இதனை எழுத எனக்கு நாணமாக இருக்கிறது. ஆயினும் எழுதத்தான் வேண்டும். 1959ஆம் ஆண்டு, நான் ஐந்தாம் வகுப்பு மாணவன். எங்கள் வளவில் பனை சீவ ஒரு பெரியவர் வருவார். ஐம்பது வயதிருக்கும், தலை நரைத்திருந்தது. பத்து வயதுச் சிறுவனாகிய நான் அவரைப் பெயர் சொல்லி, 'நீ' என்றும் 'வா' என்றும் அழைத்தேன். அவர் என்னைத் 'தம்பியார்' என்றார். தண்ணீர் கேட்டால் ஏந்திய கைகளில் எட்ட நின்று வார்ப்போம். அன்று மாலையே பள்ளிக்கூடத்தில் படித்ததை என் பாட்டனாருக்கு ஒப்புவிப்பேன்: மூத்தோர் சொல் கேள், பெரியோரைப் பணி. அந்தப் பெரியவர் 'பெரியோர்' என்ற சொல்லுள் அடங்குவாரா என்று எனக்கு ஒருபோதும் ஐயம் எழவில்லை. எனக்குக் கற்பித்தவர்களுக்கும் எழவில்லை.

1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் 1968இல் மாவிட்டபுரத்தில் தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கோயில் வாயில் மறிக்கப்பட்டபோது, மறித்தவர்கள் எவருடைய நரையையும் பார்த்து வழிவிடவில்லை. நாம் மதித்தது முதுமையை அல்ல. சாதியும் காணியும் உள்ளவன் அடைந்த முதுமையை.

கிணற்றடியில் கோப்பை கழுவிய அம்மையார் அந்தச் சீவல் தொழிலாளியின் மகள்.

"அதெல்லாம் பழங்கதை, மாஸ்டர்" என்று நண்பர்கள் சொல்லக்கூடும். சரி, இன்றைய கணக்கைப் பார்ப்போம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அறுபத்தைந்து வயதும் அதற்கு மேலும் ஆனோர் இந்நாட்டு மக்களில் 7.9 சதவீதம், 2024இல் 12.6 சதவீதம். பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் இவ்வளவு மாற்றம். இதனை எதிர்கொள்ள அரசு என்ன செய்தது? 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைக் கைவிடலாகாது என்று பிள்ளைகளுக்குக் கட்டளையிடுகிறது. பராமரிப்புச் சபை ஒன்றையும் அமைக்கிறது. நன்று. ஆனால் கொடுக்கப் பிள்ளையிடமே ஒன்றுமில்லையானால் சட்டம் எவனைப் பிடிக்கும்? கூலிக்காரன் மகனும் கூலிக்காரனாயிருக்கும் வீட்டில் இக்கட்டளையின் பொருள், பட்டினியைச் சமமாகப் பங்கிடு என்பதுதான்.

அரசாங்க உத்தியோகம் பார்த்த எனக்குச் சாகும்வரை மாதாமாதம் உபகாரச் சம்பளம் வருகிறது. தனியார் துறைத் தொழிலாளிக்கு 1958இல் தொடங்கிய ஊழியர் சேமலாப நிதி உண்டு. அது மாதச் சம்பளமன்று, ஒரே முறை கொடுத்துக் கைகழுவும் தொகை. எனது முதல் நியமனம் மலையகத்தில். அங்கே ஐம்பது வயதில் வேலைவிட்ட பெண்களைக் கண்டிருக்கிறேன். கைக்கு வந்த தொகை மகளின் கலியாணத்தோடு முடிந்தது. அதன்பின் லயத்தில் ஒரு மூலை, தோட்டத்தில் இன்னும் கொழுந்து பறிக்கும் மருமகளின் தயவு. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது அச்சுமை எதன்மேல் ஏற்றப்பட்டது? வங்கிகளின் முறிகளை விட்டுவிட்டு, இந்தச் சேமலாப நிதியின் முறிகளில் வட்டியைக் குறைத்தார்கள். தொழிலாளியின் முதுமையை எடுத்து நாட்டின் கடனுக்கு ஈடு கட்டினார்கள். அன்று பண்பாட்டுக் காவலர் எவரும் கண்ணீர் வடித்ததாக நான் அறியேன்.

சேமலாப நிதியும் இல்லாத சீவல்காரன், கடற்றொழிலாளி, தோட்டத்துக்கு வெங்காயம் பிடுங்கப் போகும் பெண் ஆகியோருக்கு என்ன உண்டு? எழுபது வயதைத் தாண்டிய வறியோருக்கான உதவித்தொகை. பல ஆண்டுகள் அது மாதம் 2,000 ரூபாய், பின்னர் 3,000, 2025இல் 5,000 ஆயிற்று. என் உபகாரச் சம்பளம் இதன் பல மடங்கு. அது எங்கிருந்து வருகிறது? வரிப்பணத்திலிருந்து. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதம். அந்த அம்மையார் சவர்க்காரக் கட்டி வாங்கும்போது என் பென்சனுக்குப் பங்கு செலுத்துகிறார். அவருடைய முதுமைக்கு நான் செலுத்தியது என்ன என்று கணக்குப் பார்த்தேன். விழாவன்று அவர் தந்த தேநீரைக் குடித்துக் கோப்பையை அவரிடமே நீட்டியிருக்கிறேன்.

முதியோர் இல்லங்களைப் பழிப்பவர்களும் அங்கே யார் வேலை செய்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பதில்லை. மலம் துடைக்கும் கைகள் இன்றும் வறிய வீட்டுப் பெண்களின் கைகளே. ஒரு வித்தியாசம்: இன்று அவர்களுக்கு ஏதோவொரு சம்பளம் உண்டு. போதாத சம்பளம், ஆயினும் என் தாயாருக்கு அதுவும் கிடைக்கவில்லை. நாம் கேட்க வேண்டியது அந்தச் சம்பளம் உயரவேண்டும் என்பதையும், மண்வெட்டி பிடித்தவனுக்கும் எழுதுகோல் பிடித்தவனுக்கும் வயோதிபச் சம்பளம் வேண்டும் என்பதையுமே. ஆசிரியர் சங்கங்கள் இளைப்பாறிய ஆசிரியர்களின் சம்பள முரண்பாட்டுக்காகக் குரல் எழுப்புகின்றன, அது நியாயமே. ஆனால் நான் இருந்த சங்கக் கூட்டங்களில் ஒன்றிலேனும் சீவல் தொழிலாளியின் முதுமை நிகழ்ச்சி நிரலில் இருந்ததில்லை. நானும் கையுயர்த்திக் கேட்டதில்லை.

இப்போது அந்த அட்டை. அம்மையாரின் பிறப்பு பதியப்படவில்லை. உத்தேச வயதை வைத்து யாரோ எழுதியதில் 1957 என்று விழுந்துவிட்டது. அதனால் அவருக்குப் பொன்னாடையும் இல்லை, 5,000 ரூபாயும் இல்லை. விழா முடிந்ததும் அவரிடம் கேட்டேன்.

"எனக்கு வயசு தெரியாது ஐயா. உங்களைவிட மூண்டு வயசு இளையவள் எண்டு அப்பு சொல்லுறவர்."

அது உண்மை. 1959இல் அவர் தகப்பனின் பின்னால் வந்து எங்கள் வளவில் பனங்காய் பொறுக்கியது என் கண்ணில் நிற்கிறது. அட்டையின்படி அப்போது அவர் இரண்டு வயதுக் குழந்தை! இரண்டு வயதுக் குழந்தை கடகம் நிறையப் பனங்காய் சுமக்காது. கிராம உத்தியோகத்தரிடம் சொன்னேன். தெரிந்தவர் ஒருவரின் சத்தியக் கடதாசியோடு வந்தால் மேலிடத்துக்கு எழுதிப் பார்க்கலாம் என்றார்.

சமாதான நீதவானிடம் போனேன். என் பெயர், வயது, விலாசம், நான் கண்டது எல்லாவற்றையும் எழுதினார். பிறகு பேனையை நிறுத்திவிட்டு, "இவவை உங்களுக்கு எப்பிடித் தெரியும் எண்டு ஒரு வரி வேணும், மாஸ்டர்" என்றார்.

அயலவர் என்று எழுதுவதா? அவர்களை அயலில் நாம் குடியிருக்க விடவில்லை. குடும்ப நண்பர் என்பதா? எங்கள் வீட்டார் அவர்களைக் குறிக்க வழங்கிய சொல் ஒன்றுண்டு. அதை அவர் முன்னிலையில் எழுத என் கை எழவில்லை. அம்மையார் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே கதிரை இருந்தது. இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. அந்த வரியை வெறுமையாக விட்டு, திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிக் கடதாசியை வாங்கி வந்திருக்கிறேன். அது இப்போது என் மேசைமேல், மடித்த பொன்னாடையின் பக்கத்தில் கிடக்கிறது.