லட்சணமும் ஆரோக்கியமும்

நாட்டில் விவாதிக்க வேண்டிய விஷயங்கள் ஆயிரம் கிடக்க, நாய்களைப் பற்றித் தலையங்கம் எழுதுவதா என்று நேயர்களிற் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். நாம் எழுதப் புகுந்தது நாய்களைப் பற்றி மட்டுமன்று. மனிதன் தானே ஒரு விதியைக் காகிதத்தில் எழுதிவைத்து, அவ்விதிக்கு இணங்க மற்றோர் உயிரின் உடலையே வளைத்து, அதனால் அவ்வுயிர் வருந்தும்போது விதியைத் திருத்தவும் மறுப்பானாகில், அது எங்கே போய் முடியும் என்பதே நமது கேள்வி. நம் நாட்டு நாய் ஜாதிகளுக்கு மறுபடியும் மதிப்பு ஏற்பட்டுவரும் இச்சமயத்தில் இக்கேள்வியை ஒத்திப்போடுவது விவேகமாகாது.

இன்று உலகெங்கும் ஜாதி நாய் வளர்ப்போர் கையாளும் முறை இங்கிலாந்தில் பிறந்தது. 1873-ம் வருஷத்தில் அங்கே கென்னல் கிளப் என்னும் ஸ்தாபனம் தோன்றிற்று. ஒவ்வொரு ஜாதிக்கும் ஒரு லட்சண விதி எழுதப்பட்டது. தலை இவ்வளவு அகலம், வால் இப்படி, ரோமம் இந்த நிறம் என்று அவ்விதி கூறும். கண்காட்சியில் நடுவர் அவ்விதியை மனத்தில் வைத்து நாய்களைத் தரம் பிரிப்பார். பரிசு பெற்ற நாயின் குட்டிகளுக்கு விலை ஏறும். பரிசு பெற்ற ஆண் நாயைத் தேடிப் பலரும் வருவார்கள். தாய் தந்தை இரண்டும் வம்சாவளிப் புஸ்தகத்தில் பதிவானவையாக இருந்தாலன்றிக் குட்டியைப் பதிவு செய்யமாட்டார்கள்.

இம்முறையில் நன்மையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. வாங்குகிறவனுக்குத் தான் வாங்கும் குட்டி வளர்ந்தபின் எப்படியிருக்கும், என்ன குணம் காட்டும் என்பது முன்கூட்டியே தெரியும். ஆனால் வாய்க்கால் அடைபட்ட குளத்தில் தண்ணீர் கெடுவதுபோல, வெளியிரத்தம் நுழையாத ஜாதியில் மறைந்து கிடக்கும் குறைகள் ஒன்றையொன்று சந்திக்கின்றன. தாயிடம் ஒரு பாதியும் தந்தையிடம் ஒரு பாதியுமாக வெளித் தெரியாமலிருந்த நோய் குட்டியிடத்தில் முழு உருவம் பெறுகிறது. புகழ்பெற்ற ஒரே ஆண் நாய் நூற்றுக்கணக்கான குட்டிகளுக்குத் தந்தையாகுமானால், அதன் குறையும் அத்தனை வீடுகளுக்குப் போய்ச் சேருகிறது.

இது வெகுகாலமாக வைத்தியர்களுக்குத் தெரிந்திருந்தும், பொது ஜனங்களின் காதுக்கு எட்டியது 2008-ம் வருஷத்தில்தான். அவ்வருஷம் ஆகஸ்ட் மாதத்தில் பி.பி.ஸி. ஸ்தாபனம் ஜாதி நாய்களின் பரம்பரை நோய்களைப் பற்றி ஒரு படம் ஒளிபரப்பிற்று. மண்டையோடு மூளைக்குப் போதாமல் சிறுத்துப் போனதால் வேதனையில் துடிக்கும் காவலியர் ஸ்பானியல் நாயை அதில் கண்டவர்கள் திடுக்கிட்டார்கள். இங்கிலாந்தின் மிகப் பெரிய நாய்க் கண்காட்சியாகிய கிரப்ட்ஸை 2009 முதல் ஒளிபரப்புவதை அந்த ஸ்தாபனம் நிறுத்திக்கொண்டது. அதே 2009-ல் தாய்க்கும் மகனுக்கும், தந்தைக்கும் மகளுக்கும், கூடப்பிறந்தவற்றுக்கும் பிறக்கும் குட்டிகளைப் பதிவு செய்வதில்லை என்று கென்னல் கிளப் தீர்மானித்தது. பல லட்சண விதிகளையும் திருத்தியது. 2010 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஸர் பாட்ரிக் பேட்ஸன் தமது விசாரணை அறிக்கையை வெளியிட்டார். 2012-ம் வருஷத்துக் கிரப்ட்ஸில், கவலைக்குரியவை என்று குறிக்கப்பட்ட 15 ஜாதிகளில் முதற்பரிசு பெற்ற நாய்களை மிருக வைத்தியர்கள் பரிசோதித்தபோது, 6 ஜாதிகளின் நாய்கள் தேறவில்லை. அந்த ஆறில் ஆங்கிலேயர் தங்கள் தேசத்தின் சின்னமாகவே கொண்டாடும் புல்டாக்கும் ஒன்று!

வளர்ப்போர் கொதித்தெழுந்தார்கள். நடுவர் கொடுத்த பரிசை வைத்தியர் பறிப்பதா என்று கேட்டார்கள். நாம் கேட்பது வேறு. நோயுள்ள உடலுக்கு நடுவர் எவ்வாறு பரிசு கொடுத்தார்? அவர் பட்சபாதம் செய்யவில்லை. கையிலிருந்த விதியைத்தான் அனுசரித்தார். ஆகவே குற்றம் விதியிலே இருக்கிறது. 2010-ல் இங்கிலாந்தில் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், புல்டாக் ஈற்றுகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை சிசேரியன் ஆபரேஷனால் நிகழ்ந்தவை என்று காணப்பட்டது. தானாகக் குட்டி ஈன முடியாத பிராணியை உத்தம லட்சணம் பொருந்தியது என்று சொல்லும் சாஸ்திரத்தை என்னவென்பது?

விதிக்கும் உயிருக்கும் நேர்ந்த வழக்குகளில் மிகத் தெளிவானது டால்மேஷியன் நாயின் வழக்கு. வெள்ளை உடலில் கறுப்புப் புள்ளிகளோடு, அக்காலத்துக் கோச்சு வண்டிகளின் கூடவே ஓடிய நாய் இது. மற்ற நாய்களில் யூரிக் அமிலத்தைக் கல்லீரல் வேறு பொருளாக மாற்றிவிடும். டால்மேஷியனில் அவ்வேலை சரிவர நடப்பதில்லை. மிஞ்சும் அமிலம் மூத்திரத்தில் இறங்கிக் கல்லாக உறைகிறது. ஆண் நாய்க்கு வழி குறுகலானதால் கல்லடைப்பு நேர்ந்து, சிகிச்சை தாமதித்தால் உயிர் போகும். எல்லா டால்மேஷியன்களுக்கும் கல் உண்டாவதில்லை. ஆனால் அதற்குரிய பரம்பரைக் குறை அந்த ஜாதி முழுவதிலும் பரவியிருந்தது. குறையில்லாத டால்மேஷியனே இல்லையாதலால், அந்த ஜாதிக்குள்ளேயே ஜோடி பொறுக்கி நோயை நீக்க வழியில்லை.

அமெரிக்காவில் டாக்டர் ராபர்ட் ஷெய்பிள் என்னும் மரபியல் நிபுணர் 1973-ல் ஒரு டால்மேஷியனைப் பாயிண்டர் ஜாதி நாயோடு ஒரே ஒரு முறை கலந்தார். பிறந்த குட்டிகளையும், அவற்றின் சந்ததியையும் தலைமுறை தலைமுறையாக டால்மேஷியன்களோடேயே சேர்த்தார். ஒவ்வொரு தலைமுறையிலும் பாயிண்டரின் பங்கு பாதியாகக் குறையும். அமிலத்தைச் சரியாகக் கையாளும் அந்த ஒரு குணத்தை மட்டும் பரீட்சித்துப் பொறுக்கி நிலைநிறுத்தலாம். ஐந்தாம் தலைமுறையில் வேற்றிரத்தம் முப்பத்திரண்டில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. 1981-ல் அமெரிக்கன் கென்னல் கிளப் இவற்றில் இரண்டு நாய்களைப் பதிவு செய்தது. உடனே டால்மேஷியன் வளர்ப்போர் சங்கத்தில் எதிர்ப்புக் கிளம்பவே, பதிவு நிறுத்தப்பட்டது. குறைக்குக் காரணமான ஜீன் 2008-ல் கண்டறியப்பட்டது. இங்கிலாந்தின் கென்னல் கிளப் 2010-ல் இப்பரம்பரையில் வந்த ஒரு பெண் நாயை ஏற்றுக்கொண்டது. அமெரிக்கா 2011-ல் கதவைத் திறந்தது. அந்த ஒரு கலப்பிலிருந்து எண்ணினால் 38 வருஷங்கள்! மருந்து கைக்கு எட்டியிருந்தும், குலம் கெட்டுவிடும் என்ற பயத்தால் எத்தனை நாய்கள் கல்லடைப்பில் மாய்ந்தன! குலப் பெருமை மனிதரிடையே செய்த அநியாயங்களை நன்கறிந்த நமக்கு, இந்தப் பிடிவாதம் எவ்வகையைச் சேர்ந்ததென்று விளக்க வேண்டியதில்லை.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்பதே நியாயம். வளர்ப்போரில் பலர் தங்கள் நாய்களை மக்களைப்போல் நேசிப்பவர்கள். அவர்கள் கூறும் ஆட்சேபங்களில் இரண்டு கவனிக்கத் தக்கவை. பரீட்சையில் குறை கண்ட நாய்களையெல்லாம் ஒதுக்கினால், மிஞ்சுகிற சிலவற்றிலிருந்தே ஜாதி பெருக நேரிட்டு, ஒரு நோய் போய் வேறொரு நோய் வரும் என்பது ஒன்று. இது பொய்யன்று. ஆனால் பரீட்சையின் நோக்கம் ஒதுக்குவது அல்ல, ஜோடியை அறிந்து தேர்வது. குறையை மறைவாகத் தாங்கும் நாயைக் குறையற்ற நாயோடு சேர்த்தால், அந்த நோய் கொண்ட குட்டி பிறக்காது. நல்ல இரத்தமும் வீணாகாது. இரண்டாவது ஆட்சேபம்: பரீட்சை செய்பவன் செலவால் நலிவான், ஒன்றும் செய்யாமல் சந்தையில் குட்டி விற்பவன் கொழிப்பான் என்பது. இதுவும் உண்மையே. அதற்குப் பரிகாரம் பரீட்சையைக் கைவிடுவதன்று. வாங்குகிறவன் பரீட்சைச் சீட்டைக் கேட்காமல் பணம் கொடுப்பதில்லை என்ற வழக்கத்தை உண்டாக்குவதே.

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். டால்மேஷியனுக்கு இன்னொரு குறையும் உண்டு, அது செவிடு. அமெரிக்காவில் பரீட்சிக்கப்பட்ட டால்மேஷியன்களில் நூற்றுக்குச் சுமார் 8 நாய்களுக்கு இரு காதும் கேட்பதில்லை. சுமார் 22 நாய்களுக்கு ஒரு காது கேட்பதில்லை. உட்செவியில் நிறமூட்டும் உயிரணுக்கள் இருந்தாலன்றிக் கேள்விப் புலன் நிலைப்பதில்லை. ரோமத்தை வெளுக்கச் செய்யும் பரம்பரைக் குணம் காதிலும் அந்த உயிரணுக்களை இல்லாமற் செய்யுமானால், குட்டி பிறந்த சில வாரங்களுக்குள் செவிடாகிவிடுகிறது. பிறக்கும்போதே உடலில் பெரிய கறுப்புத் திட்டு உள்ள டால்மேஷியன் குட்டிகளில் செவிடு மிகக் குறைவு. ஆனால் அமெரிக்க லட்சண விதி அத்திட்டுள்ள நாயைப் போட்டிக்கே தகுதியற்றது என்று தள்ளுகிறது. காது நன்றாகக் கேட்கும் குட்டியைத் தள்ளி, செவிட்டுக்கு இடம் கொடுக்கும் குட்டியை விதி பொறுக்கி எடுக்கிறது!

இதைப் படிக்கும்போது இராஜபாளையம் நாயை நினையாதிருக்க முடியுமா? 2005-ல் இந்தியத் தபால் இலாகா வெளியிட்ட நான்கு நாய்த் தபால் தலைகளில் ஒன்றில் இடம் பெற்றது நம் இராஜபாளையம். பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போன இந்த நாய்க்குப் பால் வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்குமே உத்தம லட்சணம் என்பது நெடுநாளைய வழக்கு. ஓர் ஈற்றில் பிறக்கும் நிறக் குட்டிகளைக் கழித்துவிடுவதும் முன்பு வழக்கமாயிருந்தது. இந்த ஜாதியில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதை வளர்ப்போர் அறிவார்கள். காவல் நாய்க்குக் காது கேளாவிட்டால் அதன் வெள்ளை நிறம் யாருக்கு என்ன பிரயோஜனம்? டால்மேஷியனுக்கு அயல்நாட்டார் செய்த பிழையை, அதன் பலனைக் கண்ணாரக் கண்ட பிறகும் நாம் நம் நாய்க்குச் செய்யலாமா?

கையைத் தட்டிப் பார்த்தோம், குட்டி திரும்பிற்று என்று சொல்வது போதாது. ஒரு காது மட்டும் கேட்கும் குட்டியும் திரும்பும். மற்றக் குட்டிகளைப் போலவே விளையாடும். வளர்ந்து, செவிட்டைச் சந்ததிக்குக் கொடுக்கும். தோலின் கீழ் நுண்ணிய ஊசிகளைப் பொருத்தி, ஒவ்வொரு காதிலும் தனித்தனியே ஒலி எழுப்பி, மூளை அதற்கு விடை தருகிறதா என்று யந்திரத்தால் அறியும் பரீட்சை ஒன்று உண்டு. குட்டிக்கு ஐந்தாறு வாரம் ஆனால் சில நிமிஷங்களில் அதைச் செய்து முடிக்கலாம்.

சட்டம் இதைப் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடலாகாது. நாய் வளர்ப்பையும் விற்பனையையும் பற்றி மத்திய சர்க்கார் 2017-ல் விதிகள் செய்திருக்கிறார்கள், அவை வேண்டியவையே. ஆனால் கோர்ட்டின் நடை எத்தகையது என்பதற்கு நார்வே தேசமே சாட்சி. அங்கே காவலியர், புல்டாக் இரண்டையும் இன்றுள்ள நிலையில் இனப்பெருக்கம் செய்வது சட்ட விரோதம் என்று 2022 ஜனவரியில் ஆஸ்லோ கோர்ட் தீர்ப்பளித்தது. அதே வருஷம் நவம்பரில் அப்பீல் கோர்ட் புல்டாக் விஷயத்தில் அத்தீர்ப்பை மாற்றி, காவலியர் விஷயத்தில் உறுதி செய்தது. 2023-ல் சுப்ரீம் கோர்ட்டும் காவலியர் பற்றிய தீர்ப்பை உறுதிப்படுத்திற்று. வழக்கு ஒவ்வொரு கோர்ட்டாக ஏறிக்கொண்டிருந்த காலத்திலும் குட்டிகள் பிறந்துகொண்டேயிருந்தன. வளர்ப்போர் தாமே முன்வந்து செய்யும் சீர்திருத்தத்துக்கு ஈடாகக் கோர்ட்டால் எதையும் தர முடியாது.

ஆகையால் நாம் வேண்டுவன மூன்று. சென்னையைத் தலைமை ஸ்தானமாகக் கொண்ட இந்தியக் கென்னல் கிளப், இராஜபாளையம் நாய்களைப் பதிவு செய்யும்போது தாய் தந்தை இரண்டின் காதுப் பரீட்சை முடிவையும் பதிவுச் சீட்டிலேயே குறிக்க வேண்டும். 1903-ல் நிறுவப்பட்ட சென்னை மிருக வைத்தியக் கல்லூரியும், அதை உட்கொண்ட சர்வகலாசாலையும் யந்திரத்தோடு இராஜபாளையத்துக்கே போய், ஏழை வளர்ப்போருக்கும் எட்டும் கட்டணத்தில் முகாம் நடத்த வேண்டும். கண்காட்சி நடுவர்கள் நிறமுள்ள குட்டியை இழிவாக எண்ணும் வழக்கத்தை விட வேண்டும். கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய மற்ற நாட்டு ஜாதிகளுக்கும், விதிகள் இறுகுவதற்கு முன்பே இந்த எச்சரிக்கை பொருந்தும்.

சுதேசியம் என்பது அந்நியர் பொருளை விலக்குவதோடு முடிந்துவிடுவதன்று. அவர்கள் பிழையை விலக்கி, அவர்கள் காலம் கடந்து கற்ற பாடத்தை நாம் காலத்தில் கற்பதும் சுதேசியமே. லட்சண விதியை எழுதியவன் மனிதன். திருத்த வேண்டியவனும் அவனே. வாயில்லா ஜீவன் மனுப் போடாது. அதற்காகப் பேச வேண்டிய கடமை, அதை வாயிற்படியில் காவலுக்கு வைத்திருக்கும் நம்முடையது. இராஜபாளையத்து வளர்ப்போரே இதில் முதலடி எடுத்துவைப்பார்கள் என்று நம்புகிறோம்.