வேலிக்கும் ஒரு படலை

பத்திரிகை ஆசிரியபீடத்தில் நெடுங்காலம் பணியாற்றிய எனக்கு நள்ளிரவுத் தொலைபேசி அழைப்பு புதிதன்று. முன்னர் எங்கேனும் குண்டு வெடித்தால் அது ஒலித்தது. இப்போதோ, நாளைய கூட்டம் எத்தனை மணிக்கு என்பதை அறிவிக்கவும் இரவு 11 மணிக்கு வட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. உடனே பதிலளிப்பவரே விசுவாசமான ஊழியர் என்ற எண்ணமும் வேரூன்றிவிட்டது.

இவ்வழக்கத்துக்குச் சில நாடுகள் சட்டத்தால் எல்லை வகுத்துள்ளன. வேலைநேரத்தின் பின்னர் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை குறித்து, 50 ஊழியர்களுக்குக் குறையாத நிறுவனங்கள் ஊழியர் பிரதிநிதிகளுடன் பேச வேண்டும் என்ற விதி பிரான்ஸில் 2017 இல் நடைமுறைக்கு வந்தது. அவுஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் மாதத்தில் இவ்வுரிமை அறிமுகமானது. ஆனால், ஊழியரின் மறுப்பு நியாயமானதாக இருக்க வேண்டும்.

சட்டத்தைவிட அதற்கு முன் நிகழும் பேச்சே முக்கியம் என்பேன். எது அவசரம், எது காலைவரை காத்திருக்கலாம் என்பதை மேலதிகாரியும் ஊழியரும் முன்கூட்டியே பேசிக்கொள்ளலாமே! பேசாமல் மனதுக்குள் புழுங்குபவரின் கோபம் ஈற்றில் வீட்டிலுள்ள மனைவி மக்கள் மீதே பாய்கிறது.

எல்லை வகுத்தால் உறவு முறியும் என அஞ்ச வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து வேலிக்கும் படலை உண்டு. அதை எப்போது தட்டலாம் என்பது நல்ல அயலவருக்குத் தெரியும்.