பெத்தாய்த் தூளும் சொல்லப்படாத பொட்டாசியமும்

சம்பலில் வதங்கும் பெத்தாயைப் பற்றி யாரும் நம்மிடம் கருத்துக் கேட்பதில்லை. அதையே உலர்த்திப் பொடித்து, சர்க்கரைக்கு நல்லது என்ற பேச்சோடு விற்கத் தொடங்கியதும் நோயாளிகள் டப்பாவைக் கையோடு கொண்டுவருகிறார்கள். இவ்விதழும் ஒரு நிலைப்பாட்டைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

சட்டத்தில் குழப்பமில்லை. குளிகையாக வந்தால் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்.பி.ஆர்.ஏ.வின் பதிவு வேண்டும், உணவுப்பொருள் 80 விழுக்காட்டுக்குக் குறையாத பொடியோ பானமோ உணவுப் பிரிவின் கீழ் வரும். நீரிழிவையும் சிறுநீரக நோயையும் காட்டி விளம்பரம் செய்ய 1956-ஆம் ஆண்டு மருந்து (விளம்பர, விற்பனை) சட்டம் இடம்தராது. அதனால் டப்பா வாய்மூடியிருக்கும், வாட்ஸ்அப் பேசும். (அங்கே சுற்றும் பெத்தாய்ப் புகழுரை வாழைப்பழத்துக்காக எழுதப்பட்டது. பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.)

ஆதாரத்துக்கு வருவோம். 1994-இல் வெளியான மலேசிய ஆய்வில் சர்க்கரையைக் குறைத்தது பீட்டா-சிட்டோஸ்டெராலும் ஸ்டிக்மாஸ்டெராலும் சேர்ந்த கலவை. ஆய்வு நடந்தது அலோக்ஸான் கொடுத்த எலிகளில். பயன்பட்டது குளோரோஃபார்ம் வடிசாறு. அதை வைத்துக்கொண்டு இரண்டு கரண்டிப் பொடிக்குப் பரிந்துரை எழுத முடியாது.

எலிகளை விடுங்கள், சத்துக் கணக்கே தெளிவாக இல்லை. பெத்தாயின் புரதம் 100 கிராமுக்கு 6 முதல் 27.5 கிராம் வரை என்று ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. பச்சை விதையில் அளந்ததையும் உலர்ந்ததில் அளந்ததையும் ஒன்றாகப் போட்டால் வீச்சு இப்படித்தான் இருக்கும். பொட்டாசியத்துக்கு 340 மி.கி. அளவில் ஓர் எண் கிடைக்கிறது. அது பச்சை விதைக்கு என்று கொண்டால், ஏறக்குறைய 70 விழுக்காடு நீர் போன பொடியில் மூன்று மடங்காகும். 20 கிராமில் 200 மி.கி. தாண்டும். நாளுக்கு 2,000 மி.கி. என்று நாம் கட்டுப்படுத்தி வைத்திருக்கும் சிறுநீரக நோயாளிக்கு அது பத்தில் ஒரு பங்கு. காய்கறியானால் கொதிக்கவைத்து நீரை வடிக்கச் சொல்வோம். பொடியை எப்படி வடிப்பது?

இதைக் குடிப்பவர் யார் என்று யோசியுங்கள். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் வயதுவந்த மலேசிய இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. அவர்களில் பலருக்குச் சிறுநீரகமும் தளர்ந்திருக்கும். கையில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய பெரிண்டோபிரில் மருந்துச் சீட்டும் இருக்கும். சர்க்கரையைக் குறைக்க வாங்கிய பொடி இவர்களுக்குத்தான் ஆபத்து. ஆனால் கட்டாயச் சத்து அட்டவணையில் பொட்டாசியத்துக்கு ஒரு வரி கிடையாது. இந்தப் பக்கத்தில் பலமுறை கேட்டாயிற்று. தொழில்துறைக்குச் செலவு கூடும் என்பார்கள், அடுத்த திருத்தத்தில் பார்க்கலாம் என்பார்கள். கொழுப்பையும் சர்க்கரையையும் அளக்க ஆய்வகத்துக்குப் போகும் அதே மாதிரியில் இன்னொரு தனிமத்தை அளப்பதில் என்ன பெரிய செலவு? விளம்பரத்தில் ஒரு சொல் தவறினால் பாய்கிற அதிகாரம், அட்டவணையில் ஒரு வரி விடுபட்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. எண் தெரியாமல் உணவுத்திட்டம் போடும் பொறுப்பு மட்டும் நம் தலையில்.

நம் நிலைப்பாடு இதுதான். சிறுநீரகம் நலமாக உள்ளவர் பெத்தாயைச் சம்பலிலோ உலாமிலோ தாராளமாகச் சாப்பிடட்டும். நான்காம், ஐந்தாம் நிலைச் சிறுநீரக நோயாளிகளுக்கும் டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கும், பொட்டாசிய அளவு அச்சிடப்படாத எந்த விதைப் பொடியும் வேண்டாம். உணவு வரலாறு எடுக்கும்போது பொடி குடிக்கிறாரா என்று தனியாகக் கேளுங்கள். ஆம் என்றால் பொட்டாசியப் பரிசோதனையை அடுத்த தவணைக்குத் தள்ளிவைக்காமல் மருத்துவரிடம் அன்றே கேட்டுப் பெறுங்கள்.