அழலும் அழற்சியும்

'அழற்சி' என்ற சொல்லுக்குள் அழல் இருக்கிறது. உடலின் ஒரு பகுதி சிவந்து, வீங்கி, சுட்டு, நோகும் நிலையைத் தமிழ் நெருப்பின் பெயராலேயே குறிக்கிறது. குழந்தைகளைத் தாக்கும் ஓர் அரிய வலிப்புநோய்க்கு 2010இல் மருத்துவர்கள் சூட்டிய ஆங்கிலப் பெயரின் சுருக்கம் 'ஃபயர்ஸ்'. அதன் பொருளும் நெருப்பே.

காய்ச்சல் ஏறும்போது சிறு குழந்தைகளுக்கு வரும் வலிப்பு வேறு. நூற்றில் இரண்டு முதல் ஐந்து குழந்தைகளுக்கு அது வருகிறது. பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிப் பின்விளைவின்றிக் கழிகிறது. ஃபயர்ஸ் மிக அரிது, மிகக் கொடிது. நலமாகப் பள்ளி சென்றுவந்த குழந்தைக்குச் சாதாரணக் காய்ச்சல் காண்கிறது. அது தொடங்கி ஒரு நாளுக்குப் பிறகு, இரு வாரங்களுக்குள், வலிப்புத் தொடங்குகிறது. எந்த மருந்துக்கும் அடங்குவதில்லை. மயக்கமருந்தின் பிடியில் வாரக்கணக்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்க நேர்கிறது. தண்டுவட நீரைச் சோதித்தால் கிருமி அகப்படுவதில்லை. பிழைப்போரில் பெரும்பாலோர்க்கு வலிப்பு நீடிக்கிறது. கற்கும் திறன் குன்றுகிறது.

வழக்கமான வலிப்பு மருந்துகள் நரம்பணுக்களின் மின்கொந்தளிப்பைத் தணிக்க முயல்பவை. அதைத் தூண்டும் அழற்சியை அவை தொடுவதில்லை. மிலான் நகரின் மாரியோ நெக்ரி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த அன்னமரியா வெட்சானி குழுவினர், இன்டர்லியூகின்-1 என்னும் அழற்சிப் புரதம் வலிப்பை வளர்ப்பதையும், அதைத் தடுக்கும் புரதம் எலிகளின் வலிப்பைக் குறைப்பதையும் 2000ஆம் ஆண்டளவிலேயே காட்டியிருந்தனர். அத்தடுப்புப் புரதம் நம் உடலிலேயே சுரப்பது. அதன் செயற்கை வடிவமான 'அனகின்ரா' 2001இல் முடக்குவாத மருந்தாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

அந்த மருந்து இக்குழந்தைகளிடம் வந்துசேர மேலும் பதினைந்தாண்டுகள் ஆயின. ஃபயர்ஸால் தாக்குண்ட 32 மாதப் பெண்குழந்தை ஒருத்திக்கு அனகின்ரா பயன்பட்ட செய்தி 2016இல் வெளியாயிற்று. இந்நோயாளிகளிடம் இயற்கையான தடுப்புப் புரதம் செவ்வனே இயங்குவதில்லை என்று 2019இல் ஓர் ஆய்வு கூறியது. 2020இல் வெளியான பன்னாட்டுத் தொகுப்பில் 25 குழந்தைகள் இருந்தனர். வலிப்புக் கணக்குக் கிடைத்த 15 பேரில் 11 பேருக்கு, மருந்து தொடங்கிய ஒரு வாரத்தில் வலிப்பு பாதிக்குமேல் குறைந்திருந்தது. முதல் 72 மணி நேரத்திற்குள் ஸ்டீராய்டு போன்ற நோயெதிர்ப்புச் சிகிச்சையைத் தொடங்கவும், அது பலிக்காவிடில் ஏழு நாட்களுக்குள் அனகின்ரா போன்ற மருந்துகளுக்குச் செல்லவும் 2022இல் பன்னாட்டு வல்லுநர்கள் பரிந்துரைத்தனர்.

இருபத்தைந்து குழந்தைகள் ஒரு சான்றா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க மருந்து பெறாத குழு அதில் இல்லை. ஆயினும் இவ்வளவு அரிய நோயில் ஆயிரம் பேரைக் கொண்ட ஆய்வு எளிதில் அமையாது. அதுவரை கைகட்டி நிற்பதை எச்சரிக்கை என்று நாம் ஏற்க மாட்டோம்; எரியும் வீட்டின் முன் நின்று நீரின் தரத்தைச் சோதிப்பது போன்றது அது. 'அற்புத மருந்து' என்று தலைப்பிட்டுப் பெற்றோரின் ஆசையைக் கிளறிவிடுவதும் அதே அளவு கொடுமை. அவ்விரண்டிற்கும் நடுவே ஒரு நேர்வழி உண்டு: காலந்தாழ்த்தாமல் தொடங்குவது, ஒவ்வொரு குழந்தையின் கதையையும் நாடுகளுக்கிடையே பகிர்ந்து பதிவு செய்வது. மருந்து பலித்தவர்களின் கதை தானே பரவும். பலிக்காத குழந்தைகளின் பெயர்ப்பட்டியலும் ஒளிவின்றி இருந்தால்தான் அடுத்த குழந்தைக்கு எதைக் கொடுப்பது என்று மருத்துவர் துணிய முடியும்.