“அடுத்த மாசம் தர்றேன்” கேட்டுக் கேட்டே 3 வருஷம் போயிடும்!



புரோநோட்டு பீரோவுல பத்திரமா இருக்கு, கையெழுத்து இருக்கு, சாட்சி இருக்கு, பணம் எங்கேயும் போகாதுன்னு நினைக்கிறீங்களா? முதல்ல நோட்டை எடுத்துத் தேதியைப் பாருங்க.

1963-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டப்படி, கேட்கும்போது தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு 3 வருஷம்தான் ஆயுள். அதுவும் நோட்டு எழுதிய தேதியிலிருந்து. நீங்க பணத்தைத் திருப்பிக் கேட்ட தேதி கணக்கில் வராது. 3 வருஷம் தாண்டி வழக்குப் போட்டால், எதிர்த்தரப்பு வாயே திறக்காவிட்டாலும் நீதிமன்றம் தள்ளுபடி செய்தாக வேண்டும்.

“தை பிறக்கட்டும்”, “சீட்டு எடுத்ததும் தர்றேன்” என்ற வாய்ப்பேச்சு கெடுவை ஒருநாள்கூட நீட்டாது. நீட்டுவது இரண்டுதான். கெடு முடியும் முன்னாடியே, கடன் பாக்கி இருக்குன்னு அவர் எழுதிக் கையெழுத்துப் போடணும். இல்லைன்னா, கொஞ்சம் பணம் கட்டி, அந்த வரவை நோட்டின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடணும். வரவை நீங்களே எழுதிக்கிட்டா போதாது, கொடுத்தவர் கையெழுத்து வேணும். அன்றிலிருந்து புதுசா 3 வருஷம்.

நீங்க கடன் வாங்கியவரா? வாங்கியதைத் தர வேண்டாம்னு நாங்க சொல்லல. ஆனா எத்தனையோ வருஷப் பழைய கணக்கைத் தூக்கிட்டு வந்து, “ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க, செட்டில் பண்ணிடலாம்” என்றால் படிக்காமல் போடாதீங்க. கெடு முடிந்த கடனைத் தருவதாக எழுதிக் கொடுத்தால், ஒப்பந்தச் சட்டம் 25-வது பிரிவுப்படி அது புது ஒப்பந்தம். செத்த கணக்குக்கு நீங்களே உயிர் கொடுத்த மாதிரி. அடமானக் கடன் வேற, அதுக்கு 12 வருஷம்.

செக் திரும்பி வந்தால் நேரம் இன்னும் குறைவு. பேங்க் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ். நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் பணம் வரலைன்னா, அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார்.

குற்ற வழக்குகளுக்கு, 2024 ஜூலை 1 முதல் பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 514-வது பிரிவு. அபராதம் மட்டுமே தண்டனை என்றால் 6 மாதம். ஒரு வருடம் வரை சிறை என்றால் 1 வருடம். 3 வருடம் வரை சிறை என்றால் 3 வருடம். அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்குக் கெடுவே கிடையாது. கொலையும் பாலியல் வன்கொடுமையும் இதில்தான் வரும். “பழைய விஷயம்மா, இப்போ கேஸ் நிக்காது” என்று யார் சொன்னாலும் திரும்பி வந்துடாதீங்க. புகார் பதிவான தேதிதான் கணக்கு. அதனால சிஎஸ்ஆர் ரசீதோட நிக்காம, எஃப்ஐஆர் நகலைக் கேட்டு வாங்குங்க. அது இலவசம், உங்க உரிமை.

இப்போ ஒரு கேள்வி. கடன் பாக்கிக்கு வழக்குப் போட உங்களுக்கும் எனக்கும் 3 வருஷம். அரசு வழக்குப் போடணும்னா? 30 வருஷம்! அதே சட்டத்தின் 112-வது இனம். சட்ட அலுவலர்களும் கோப்புகளும் ஆளும் பேரும் இருக்கிறவங்களுக்கு 30, சித்தாள் வேலை பார்த்துச் சேர்த்த காசைக் கொடுத்து ஏமாந்த அக்காவுக்கு 3. சட்டம் தெரியலைன்னு அந்த அக்கா சொன்னா கோர்ட் ஏத்துக்காது. அப்போ தெரியப்படுத்துறது யார் வேலை? சட்டத்தின் பெயரே நம் மொழியில் இல்லாதபோது கெடு எப்படித் தெரியும்?

நாம் கேட்பது பெரிசா ஒன்றுமில்லை. ஒவ்வொரு காவல் நிலையத்திலும், இ-சேவை மையத்திலும், தாலுகா அலுவலகத்திலும் இந்தக் கெடுக்களைத் தமிழில் எழுதி ஒரு பலகை வையுங்கள்.

பலகை வரும்வரை நாமதான் பலகை. பகுதித் தோழர்கள் இதை உங்க தெரு வாட்ஸ்அப் குழுவில் போடுங்க. போன் இல்லாத பெரியவங்களுக்கு வாசிச்சுக் காட்டுங்க. கெடு நெருங்கியிருந்தால் இன்றைக்கே வழக்கறிஞரைப் பாருங்க. வசதி இல்லையா? 15100-க்குக் கூப்பிடுங்க. பெண்களுக்கும் பட்டியல் இன, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு.

ஏமாற்றுபவருக்குத் தேவை நம்ம பொறுமை மட்டும்தான். அதைக் கொடுக்காதீங்க.

– தகவல் தொழில்நுட்ப அணி

#தேதியைப்_பாருங்க #தமிழில்_பலகை_வேண்டும்