சமுத்திர ராஜனின் கோபமா?

நம் நாட்டில் எந்தக் கெடுதி வந்தாலும் அதைக் கடவுள் தலையில் சுமத்திவிட்டுச் சும்மா இருந்துவிடுவது வெகுகாலப் பழக்கமாகும். 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி கடல் பொங்கி நாகப்பட்டினம் ஜில்லாவில் மாத்திரம் 6,000 பேருக்கு மேல் மாண்டபோதும், "சமுத்திர ராஜனின் கோபம்", "கலி முற்றிவிட்டது" என்று சொன்னவர்கள் உண்டு. உண்மை என்ன?

அன்று காலை சுமார் 6-30 மணிக்கு சுமத்ரா தீவுக்கருகில் கடலடியில் பூமி பிளந்தது. அலை நம் கரை வந்து சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரமாயிற்று. பிள்ளை குட்டிகளோடு மேட்டுக்குப் போக அது போதாதா? ஆனால் சொல்லத்தான் ஆளில்லை. இந்து மகா சமுத்திரத்தில் இதற்கென்று எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது.

ஹவாய்த் தீவிலோ 1946-ல் இப்படி அலையடித்து 150 பேருக்கு மேல் செத்த பிறகு, யாரும் சாந்தி ஹோமத்தை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. 1949-லேயே எச்சரிக்கை நிலையம் வைத்துவிட்டார்கள். நமக்கு 2007-ல்தான் ஐதராபாத்தில் அது வந்தது. இந்த 58 வருஷ வித்தியாசம் கடவுள் செய்ததா, மனிதன் செய்ததா?

அங்கு நடப்பது மந்திரமல்ல. கடலடியில் வைத்த கருவி தன்மேலுள்ள தண்ணீரின் பாரத்தை அளந்து, மேலேயுள்ள மிதவைக்குச் சொல்லுகிறது. மிதவை செயற்கைக்கோள் வழியாக நிலையத்துக்குச் சேதி அனுப்புகிறது. எங்கே அதிர்ந்தால் எந்தக் கரைக்கு எத்தனை நிமிஷத்தில் எவ்வளவு அலை வரும் என்று கணிப்பொறியில் முன்னதாகவே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

"பஞ்சாங்கமும் கணக்குத்தானே?" என்பார்கள். பஞ்சாங்கம் பொய்த்தால் பழி கேட்டவன் கிரகத்தின் மேல் விழும். இந்தக் கணக்கையோ கடலே சோதிக்கிறது. 2012 ஏப்ரல் 11-ல் அதே சுமத்ராப் பக்கம் 8.6 அளவில் பூமி அதிர்ந்தது. அலை சிறிதென்று கருவிகள் காட்டின. அன்றைக்கே எச்சரிக்கையை நீக்கினார்கள்.

ஆகவே தோழர்களே! மீன் கூடுமென்று அம்மிதவையில் படகைக் கட்டிக் கருவியைக் கெடுப்பது நம் கழுத்தை நாமே அறுத்துக்கொள்வதாகும். கெட்ட கருவியைக் காலத்தில் மாற்றாத சர்க்காரும் அதே குற்றவாளிதான். ஓட்டுக் கேட்டு வருகிறவர் கோயில் திருப்பணிக்குப் பணம் தருவதாகச் சொன்னால், "ஐதராபாத்துக்குத் தெரிந்த சேதி எங்கள் குப்பத்துக் கடைசிக் குடிசைக்கு எத்தனை நிமிஷத்தில் வரும்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லட்டும். ஓட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.